துவாஸில் மின்சைக்கிள் வாங்கப்போகும் தம்பிக்கு

சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் விடுதி வாசலில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். புதிதாக வந்த பையன் ஒருவன் பழைய மின்சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வருவான். சுற்றி நாலு பேர் கூடுவார்கள். எவ்வளவுக்கு முடித்தாய், ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று இரண்டே கேள்விதான் கேட்பார்கள். மூன்றாவது கேள்வியை நான் கேட்பேன்: "ஆரஞ்சு முத்திரை எங்கே தம்பி?" அதோடு சிரிப்பு நின்றுவிடும்.

நான் அறந்தாங்கிப் பக்கம். சிங்கப்பூர் வந்து பதினாறு வருடம். பதினாறும் துவாஸ் கப்பல் பட்டறைகளில்தான். ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் தொடங்கி இப்போது சேஃப்டி மேற்பார்வையில் இருக்கிறேன். அதனால் எதைப் பார்த்தாலும் எங்கே உடையும், எங்கே பற்றும் என்றுதான் கண் போகும். மின்சைக்கிள் விஷயத்தில் மட்டும் அந்தக் கண் எனக்குத் தாமதமாகத் திறந்தது. தொள்ளாயிரம் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கொடுத்துக் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு இலவசம்.

வண்டி தேவையே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. 2017இல் எம்ஆர்டி ரயில் துவாஸ் லிங்க் வரைக்கும் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் நிலையத்தில் இறங்கிப் பட்டறை கேட்டுக்கு நடந்தால் அரை மணி நேரம். கம்பெனி லாரி காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஓவர்டைம் முடித்து இரவு பத்தரைக்கு வெளியே வருகிறவனுக்கு லாரி ஏது? அந்த நேரத்துக்குச் சைக்கிள்தான் கதி. பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலுக்கு மோட்டார் கொஞ்சம் துணை செய்தால் சுகம்தான்.

ஊர்க் கணக்கை இங்கே போடாதீர்கள்

நம் பையன்கள் முதலில் சறுக்கும் இடம் இது. ஊரில் 250 வாட்டுக்கு மேல் போகாத, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மின்ஸ்கூட்டருக்குப் பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். கடைக்காரர் அதைச் சொல்லித்தான் விற்பார். இங்கே கடையில் போய் நின்றால் அதே 250, அதே 25 காதில் விழும். "நம்ம ஊர் மாதிரிதான் அண்ணே" என்று ஓட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

எண்கள்தான் ஒன்று. இங்கே அந்த 250 வாட் வண்டிக்குப் பதிவு வேண்டும், பின்னால் எண் பலகை வேண்டும், ஓட்டுகிறவர் எழுத்துத் தேர்வில் தேறியிருக்க வேண்டும், வயது 16 நிரம்பியிருக்க வேண்டும். 2018 பிப்ரவரி முதல் பதிவில்லாத மின்சைக்கிளை ஓட்டுவது குற்றம். 2022 ஜனவரி முதல் தேர்வும் கட்டாயம். ஊரில் 25 கிலோமீட்டர் என்பது சட்டத்திலிருந்து விலக்கு வாங்கித் தரும் எண். இங்கே சட்டம் தொடங்குவதே அந்த எண்ணில்தான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஊரில் ஸ்கூட்டர் என்றால் கைப்பிடியைத் திருக வேண்டும். இங்கே மின்சைக்கிள் என்பது சைக்கிள்தான். நீங்கள் மிதித்தால்தான் மோட்டார் சேர்ந்து தள்ள வேண்டும், மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிறுத்த வேண்டும், வேகம் 25ஐத் தொட்டால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மிதிக்காமலே ஓடுகிற வண்டி எதுவாக இருந்தாலும் அது இங்கே மின்சைக்கிள் ஆகாது, விற்கிறவர் என்ன பெயர் வைத்திருந்தாலும் சரி.

வாங்கும்போது

சட்டத்துக்குப் பொருந்துகிற மின்சைக்கிள் நிலப் போக்குவரத்து ஆணையம் ஒப்புதல் கொடுத்த மாடலாக இருக்கும். ஐரோப்பியத் தரம் ஒன்று இருக்கிறது, இஎன் 15194 என்பார்கள், அதற்கு உட்பட்டிருக்க வேண்டும். இதையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வண்டியின் ஃபிரேமில் ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரை ஒட்டியிருக்கிறதா, பின்னால் எண் பலகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் பேரம் பேச வேண்டாம். திரும்பி நடங்கள்.

இரண்டும் இருந்தால் வாங்கிவிடலாமா? அங்கேதான் நான் விழுந்தேன்.

என் முதல் மின்சைக்கிளில் முத்திரை அசல், பலகை அசல். கடைக்காரர் தமிழில் பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். கைப்பிடிக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்துகிற ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. ஏற்றத்துக்கு உதவும் என்றார். பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் பை, அதற்குள் இரண்டாவது பேட்டரி. போனஸ் என்றார். நானும் வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு வந்தேன். நாலு மாதம் ராஜா மாதிரி ஓட்டினேன். ஐந்தாவது மாதம் ஒரு மாலையில் அதிகாரிகள் நிறுத்தினார்கள். ஒருவர் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். இன்னொருவர் வண்டியைத் தராசில் ஏற்றினார். 27 கிலோ. பேட்டரியோடு சேர்த்து 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வண்டி அன்றே கையைவிட்டுப் போனது. அபராதம் தனி. கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "வாங்கும்போது இதெல்லாம் இல்லையே, நீங்க மாட்டியிருப்பீங்க" என்றார். டீ இல்லை.

முத்திரை என்பது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பிறக்கும்போது நன்றாக இருந்தது என்றுதான் சொல்லும். அதற்குப் பிறகு அந்த வண்டிக்கு யார் எந்த வைத்தியம் பார்த்தார்கள் என்று சொல்லாது. ஆகவே பழைய வண்டியென்றால் இப்படிச் செய்யுங்கள். பின்சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, கைப்பிடியிலும் அதைச் சுற்றியும் இருக்கிற எல்லாப் பொத்தானையும் அழுத்துங்கள், திருகுகிற மாதிரி இருப்பதைத் திருகுங்கள். மிதிகட்டை சுற்றாமல் சக்கரம் விர்ரென்று சுற்றினால், "பாஸ், வேண்டாம்". ஒயரின் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். கம்பெனியில் போட்ட ஒயர் ஃபிரேமுக்குள்ளேயே ஒழுங்காக ஓடும். நடுவில் முளைத்த ஒயர் வெளியே தொங்கும். எடைக்கு நாங்கள் பட்டறையில் பெட்டி தூக்கிப் பார்க்கிற கைக்கணக்கே போதும்: இருபது கிலோ என்பது ஒரு அரிசி மூட்டை. அதைவிடக் கனமாகத் தெரிந்தால் தராசு கேளுங்கள்.

விலை படிந்ததும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். பெயர் மாற்றம் நடக்க வேண்டும். விற்பவர் சிங்பாஸ் என்கிற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாக மாற்றிக் கொடுக்க வேண்டும், வாங்குபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று கைபேசியில் முடித்துவிடலாம். "நாளைக்கு மாத்தித் தரேன்" என்கிறவர் நாளை மறுநாள் ஊருக்குப் போய்விடுவார். வேலை பர்மிட்டில் இருக்கிற நமக்கும் சிங்பாஸ் உண்டு, இன்னும் எடுக்காதவர்கள் இதை முன்னிட்டாவது எடுத்துவிடுங்கள்.

தேர்வைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். அது வண்டிக்கான தேர்வு இல்லை, ஆளுக்கான தேர்வு. உரிமையாளர் தேறியிருந்தால் அவர்தான் ஓட்டலாம். "அண்ணே, கடைக்குப் போயிட்டு பத்து நிமிஷத்துல வந்துடறேன், சாவி குடுங்க" என்று கேட்கிற ரூம்மேட் தேறாதவன் என்றால் சாவி கொடுக்காதீர்கள். கஞ்சன் என்று பெயர் வரும். எனக்கு வந்திருக்கிறது. பரவாயில்லை.

பாதையைப் படிப்பது

இதுவரை சொன்னது எல்லாம் ஒரு நாள் வேலை. சரியான வண்டி, பெயர் மாற்றம், தேர்வு, முடிந்தது. மாட்டிக்கொள்கிறவர்களில் பாதிப் பேருடைய வண்டி சுத்தமாகத்தான் இருக்கிறது. அவர்கள் மாட்டுவது வண்டியால் இல்லை, நிற்கிற இடத்தால். வண்டி சரியா என்று ஒரு முறை பார்த்தால் போதும். பாதை சரியா என்று ஐம்பது மீட்டருக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். ஒரே வண்டி இந்தப் பக்கம் சட்டப்படி ஓடும், ஒரு திண்டு ஏறினால் குற்றமாகிவிடும்.

எனக்கு இது 2019இலேயே உறைத்திருக்க வேண்டும். அப்போது என்னிடம் இருந்தது மின்ஸ்கூட்டர், நின்றுகொண்டு போகிற வகை. நடைபாதையில் அதை ஓட்டலாம் என்றிருந்தது. அந்த வருடம் செப்டம்பரில் பிடோக் பக்கம் சைக்கிளில் போன 65 வயது அம்மா ஒருவர் மின்ஸ்கூட்டர் மோதி இறந்துபோனார். ஊரே கொதித்தது. நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டருக்குத் தடை. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த ஆண்டு முடியும்வரை எச்சரித்து அனுப்பினார்கள், 2020 பிறந்ததும் பிடிக்கத் தொடங்கினார்கள். முந்தின நாள்வரை நான் போய்வந்த அதே பாதை, அதே வண்டி. சாலையிலும் அதற்கு அனுமதி இல்லை. மிச்சம் இருந்தது சைக்கிள் பாதைதான், துவாஸில் அப்போது அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு மின்சைக்கிளுக்கு மாறிய கதை அதுதான்.

இப்போது ஒரு ஞாயிறு காலையில் என்னோடு வாருங்கள். டார்மிட்டரியிலிருந்து பூன் லே பக்கம் போய் மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டு, ஜூரோங் லேக் கார்டன்ஸில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

வாசலைத் தாண்டியதும் சாலை. மின்சைக்கிள் சாலையில் போகலாம். ஹெல்மெட் கட்டாயம், பட்டறையில் போடுகிற மஞ்சள் ஹெல்மெட் கணக்கில் வராது, அதை மாட்டிக்கொண்டு போன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். இடது ஓரமாக, வண்டிகள் போகிற திசையிலேயே போக வேண்டும். எதிர்த்திசையில் கொஞ்ச தூரம்தானே என்று போவது நம் ஊர்ப் பழக்கம். இங்கே எதிரே வருவது நாற்பது அடி கன்டெய்னர் லாரி. இருட்டு நேரமென்றால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு.

துவாஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. ஏவையி என்கிற ஆயர் ராஜா விரைவுச்சாலை நம் பக்கம்வரை வருகிறது. விரைவுச்சாலையில் சைக்கிளுக்கும் இடமில்லை, மின்சைக்கிளுக்கும் இடமில்லை, எந்த நேரத்திலும். கைபேசியில் வழி போட்டுக் கார் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அது உங்களை நேராக அங்கே கொண்டுபோய் ஏற்றிவிடும். பச்சைப் பலகையில் விரைவுச்சாலையின் பெயர் தெரிந்ததும் முன்னாலேயே விலகிவிடுங்கள். ஏறியபிறகு திரும்ப வழி கிடையாது.

சாலை நெரிசலாக இருக்கிறது, பக்கத்தில் சாம்பல் நிறக் காங்கிரீட் நடைபாதை காலியாகக் கிடக்கிறது. கை தானாகத் திருப்பும். திருப்பாதீர்கள். சாதாரணச் சைக்கிள் நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டருக்குள் போகலாம், மின்சைக்கிள் போகவே கூடாது. மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தால் அது சாதாரணச் சைக்கிள்தானே என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை. பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாலும் அது மின்சைக்கிள்தான். இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், அதற்குத் தடையில்லை. தள்ளுகிறவன் நடந்துபோகிறவன்.

குடியிருப்புப் பகுதி வந்ததும் பாதையின் முகம் மாறும். சிவப்பு நிறம் பூசி, நடுவில் விட்டுவிட்டுக் கோடு போட்டு, தரையில் சைக்கிள் படம் வரைந்திருந்தால் அது சைக்கிள் பாதை. பூங்கா இணைப்புப் பாதையும் அதே கணக்கு. இங்கே ஓட்டலாம், 25 கிலோமீட்டர் உச்சவரம்பு. உச்சவரம்பு என்றால் அந்த வேகத்தில்தான் போக வேண்டும் என்று அர்த்தமில்லை; தாத்தாவும் பேரனும் கைகோத்து வருகிற இடத்தில் 25 என்பது பைத்தியக்காரத்தனம். நாடு முழுக்க இந்தப் பாதைகளை 2030க்குள் 1,300 கிலோமீட்டர் அளவுக்கு நீட்டப்போகிறார்கள். நமக்கு நல்லதுதான், ஆனால் பாதை கூடக்கூட நடைபாதையோடு ஒட்டி ஓடும் இடங்களும் கூடும்.

அப்படி ஒட்டி ஓடும் இடத்தில்தான் புதிய விதி வந்திருக்கிறது. சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே நடப்பவர்களுக்கென்று தனிப் பாதை இருந்தால், 2025 ஜூலை 1 முதல் அதில் நடப்பவர் மட்டும்தான். சாதாரணச் சைக்கிள்கூட ஏறக் கூடாது. தரையில் நடக்கிற ஆள் படமும் எழுத்தும் இருக்கும். பழைய ஆட்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் பாதை அவர்களுக்குப் பழக்கம், விதி புதுசு. சைக்கிள் பாதையில் கூட்டம் நிற்கிறதென்று ஒதுங்கிப் பக்கத்துப் பாதையில் ஏறித் தாண்டுவோமே, அந்த ஐந்து விநாடிதான் பிடிபடுகிற ஐந்து விநாடி.

சாலையைக் கடக்கும் இடத்தில் நின்று, இருபுறமும் பார்த்துவிட்டுக் கடக்க வேண்டும். மேம்பாலமென்றால் இறங்கித் தள்ளுங்கள். வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டு புளோக்கின் கீழ்த்தளம் வந்ததென்றால் கட்டாயம் இறங்கிவிடுங்கள். குறுக்கே போனால் இரண்டு நிமிடம் மிச்சமாகும், நிழலும் இருக்கும், தெரியும். அங்கே நிலப் போக்குவரத்து ஆணையம் இல்லை, நகர மன்றத்தின் ராஜ்யம். அவர்களுக்குத் தனி விதி, தனி அபராதம். அதைவிட, தூணுக்குப் பின்னாலிருந்து பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தை எந்தப் பக்கம் ஓடிவரும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது. பூங்காவுக்குள் நுழைந்தால் தேசியப் பூங்காக் கழகத்தின் விதி. வாசலில் இருக்கிற பலகையை நின்று படியுங்கள். எல்லாப் பாதையும் சைக்கிளுக்குத் திறந்ததில்லை.

மீன் வாங்குவதற்குள் எத்தனை பேருடைய எல்லையைத் தாண்டிவிட்டோம் பாருங்கள். கைபேசியைக் கையில் பிடித்துப் பேசிக்கொண்டே இதையெல்லாம் கவனிக்க முடியுமா? அதுவும் குற்றம்தான். ஊருக்குப் பேச வேண்டுமென்றால் ஒதுங்கி நின்று பேசுங்கள், வீட்டிலும் நிம்மதியாகக் கேட்பார்கள்.

நிறுத்தினால்

அதிகாரி கை காட்டினால் நில்லுங்கள். இவ்வளவுதான் முக்கியமான அறிவுரை. சரியான வண்டியில் போன ஒரு பையன் பயந்துபோய்த் திருப்பி ஓட்டினான். ஓட்டிய வழி நடைபாதை, ஓடியதற்கு ஒரு கேஸ், நடைபாதைக்கு ஒரு கேஸ். நின்றிருந்தால் இரண்டு நிமிடத்தில் அனுப்பியிருப்பார்கள்.

பர்மிட் அட்டை, பதிவு விவரம், தேர்வுச் சான்றிதழ் மூன்றும் கைபேசியில் உடனே எடுக்கிற மாதிரி இருக்கட்டும். ஆங்கிலம் வரவில்லையென்றால் கூச்சப்படாமல் மெதுவாகப் பேசச் சொல்லுங்கள். என்ன தவறு என்று கேளுங்கள், எந்த இடத்தில் என்று கேளுங்கள், கொடுக்கிற தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புரியாத தாளில் அவசரமாகக் கையெழுத்துப் போடாமல் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. வாக்குவாதம் மட்டும் வேண்டாம். "அவன் போறான், அவனை விட்டுட்டு என்னைப் புடிக்கிறீங்களே" என்பது உலகத்தில் எந்த அதிகாரியிடமும் செல்லாத வாதம். மறுநாள் கம்பெனியில் மேற்பார்வையாளரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு வழியாகத் தெரிந்தால்தான் பிரச்சினை.

யார் மேலாவது மோதிவிட்டால் ஓடக் கூடாது. நிற்க வேண்டும், உதவ வேண்டும், பெயர் விவரம் கொடுக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 995.

சார்ஜ் போடுவது

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டாதீர்கள். அபராதம் கட்டினால் பணம்தான் போகும்.

2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீடு ஒன்றில் மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து ஒருவர் இறந்தார். 2021 ஜூனில் உட்லண்ட்ஸில் இருபது வயதுப் பையன் தன் மின்சைக்கிளோடு லிஃப்டில் ஏறினான். கதவு மூடியபிறகு வண்டி பற்றிக்கொண்டது. விதிக்கு உட்படாத வண்டி அது. இந்த இரண்டாவது செய்தியைப் படித்த இரவு, கறுப்புப் பைக்குள் போனஸ் பேட்டரியோடு நான் ஓட்டிய நாலு மாதத்தை நினைத்துத் தூக்கம் வரவில்லை. அதிகாரிகள் பறித்துக்கொண்டு போனபோது திட்டினேன். இப்போது திட்டுவதில்லை.

ஆகவே: வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும். பேட்டரி மாற்ற வேண்டுமென்றால் அந்த மாடலுக்கான பேட்டரி மட்டும், விலை கசந்தாலும். படுக்கைக்குப் பக்கத்தில், அறைக் கதவு வழியில், தூங்கும்போது சார்ஜ் போட வேண்டாம். மழையில் நனைந்து வந்த வண்டியை உடனே பிளக்கில் மாட்டாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால், அடிபட்டிருந்தால், வழக்கத்தைவிடச் சூடானால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது; சாதாரணக் குப்பையில் போடாமல் மின்கழிவுக்கென்று வாங்குகிறவர்களிடம் சேர்க்க வேண்டும்.

எங்கள் விடுதியில் ஒரு காலத்தில் பன்னிரண்டு பேர் அறையில் மூன்று வண்டி, மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். நானும் இன்னும் இரண்டு பேரும் மேலாளரைப் போய்ப் பார்த்தோம். "அறையில் சார்ஜ் தடை" என்று நோட்டீஸ் ஒட்டினார். ஒரு வாரம் பலித்தது. அப்புறம் கட்டிலுக்கு அடியில் துணி போட்டு மூடிச் சார்ஜ் போட்டார்கள், முன்பைவிட ஆபத்து. தடை போட்டவன் மாற்று இடம் காட்டவில்லை என்றால் தடை கட்டிலுக்கு அடியில் போய்விடும். திரும்பப் போய்ப் பேசினோம். மேற்கூரை மட்டும் உள்ள வெளி இடத்தில், சுவரிலிருந்து தள்ளி, ஆறு பிளக் பாயிண்ட் போட்டுக் கொடுத்தார்கள். மாலை ஆறிலிருந்து பத்துவரை கரண்ட், பத்துக்கு மேல் மெயினையே அணைத்துவிடுவார்கள். ஒரு வெள்ளைப் பலகையில் பெயரும் எண் பலகையும் எழுதி முறை வைத்துக்கொண்டோம். எண் பலகை இல்லாத வண்டிக்குப் பலகையில் வரி கிடையாது. யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை. பதிவில்லாத வண்டிகள் இரண்டு மாதத்தில் விடுதியிலிருந்து தானாகக் காணாமல் போயின. சார்ஜ் போட இடமில்லாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நிறுத்துவதற்கும் இதே கதைதான். படிக்கட்டு ஓரத்தில், தீயணைப்புப் பெட்டி முன்னால் நிறுத்துகிறவர்களைத் திட்டிப் பார்த்தோம், நடக்கவில்லை. தரையில் மஞ்சள் பெயின்டில் கட்டம் போட்டோம். நிறுத்தினார்கள்.

அடுத்தவர் மீறினால்

தனியாக மறித்துச் சண்டை போடாதீர்கள். இடம், நேரம், எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம், எண் பலகை தெரிந்தால் எண், இவற்றைக் குறித்துக்கொண்டு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். யாரிடம் சொல்வதென்றே தெரியாவிட்டால் ஒன்சர்வீஸ் செயலியில் போட்டால் உரிய துறைக்கு அவர்களே அனுப்பிவிடுவார்கள். "துவாஸில் எல்லாரும் நடைபாதையில் ஓட்டுகிறார்கள்" என்று எழுதினால் யாரும் வர முடியாது. "வார நாட்களில் காலை 6.45க்கு இந்தப் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள நடைபாதை" என்று எழுதினால் வருவார்கள், வந்திருக்கிறார்கள். ஆளைப் பற்றி எழுதுவதைவிட இடத்தைப் பற்றி எழுதுவது பலன் தருகிறது என்பது என் அனுபவம். படத்தைப் பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவதில் எந்தப் பயனும் இல்லை. அதிகாரி அந்தக் குழுவில் இல்லை.

ஊருக்குக் கிளம்பும் முன்

எல்லாரும் மறக்கிற வேலை இது. பர்மிட் முடிந்து ஒரேயடியாகப் போகிறவர்கள் பெட்டி கட்டும் மும்முரத்தில் வண்டியை யாருக்காவது கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பதிவில் அவர்கள் பெயரே இருக்கும். விற்றாலும் சரி, சும்மா கொடுத்தாலும் சரி, சிங்பாஸ் கையில் இருக்கும்போதே பெயர் மாற்றுங்கள். யாருக்கும் கொடுக்கவில்லையென்றால் பதிவை ரத்து செய்துவிட்டு வண்டியைக் கழிவில் போடுங்கள்.

மன்னார்குடிக்காரர் ஒருவர் அப்படித்தான் போனார். அவர் விட்டுப்போன வண்டியை மூன்று பேர் கைமாற்றி ஓட்டி, கடைசியில் எங்கேயோ ஒரு பாதையில் போட்டுவிட்டார்கள். கடிதம் பழைய கம்பெனி முகவரிக்கு வந்தது, கம்பெனி என்னைக் கேட்டது, நான் அவருக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டேன். வயலில் நின்றுகொண்டிருந்தார், பின்னால் டிராக்டர் சத்தம். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அண்ணே, அந்த வண்டிக்கு பிரேக்கே புடிக்காதே, எப்படி ஓட்டுனானுக?"